எண்ணெய் வைத்த கொக்கி

"உராய்வு இல்லை எனக் கொள்க" என்று ஒரு வரி பௌதிகக் கணக்குகளில் அடிக்கடி வரும். அதைப் படித்ததும் பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். கணக்கு சுலபமாகிவிட்டதல்லவா? எனக்கோ அந்த வரியைக் கண்டாலே எரிச்சல் வரும். கரும்பலகையில் அதை எழுதும்போது சோக்கட்டி என் கையில் ஒடிந்திருக்கிறது. உராய்வு இல்லாமல் போன ஒரு காலைப்பொழுதை நிஜமாகவே வாழ்ந்து பார்த்த மனிதர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருந்தார். என் மனைவி பூரணியின் தாய்மாமன், சோலைமலை. இயக்கமும் விசையும் என்ற பாடத்தை நான் நடத்திய எந்த வகுப்பிலும் அவருடைய கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே இப்போது நிதானமாக எழுதிவைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், இறம்பொடைக்கு மேலே, அருவியின் இரைச்சல் ஓயாமல் கேட்கும் ஒரு தேயிலைத் தோட்டம். சோலைமலையும் அவருடைய அக்கா வீரம்மாவும் தாய் தகப்பனோடு முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வந்த சில வருடங்களிலேயே தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவுக்கும் அப்போது பெரிய வயதில்லை. ஆனாலும் தம்பியைச் சோறூட்டி வளர்த்தவள் அவள்தான். பின்னால் இராமையா என்பவரைக் கட்டிக்கொண்டபோதும், "எந் தம்பி எங்கூடத்தான் இருப்பான்" என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினாளாம். சோலைமலை கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா குடியிருந்த அதே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்து அறையான காம்பராவில் படுத்துக்கொண்டு, அக்கா கையால் சாப்பிட்டே காலத்தைக் கழித்தவர்.

அந்தத் தோட்டத்தின் மேல்மலைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஆழமான ஓர் ஆற்றுப் பள்ளம். தேயிலை அரைக்கும் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்பார்கள். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறினால் பொழுது போய்விடும், கொழுந்தும் வாடிவிடும். அதனால் தோட்டத்துக்காரர்கள் மேலிருந்து கீழே பள்ளத்துக்குக் குறுக்காக ஒரு தடித்த இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேலே ஓர் ஆள் நின்று, மரத்தில் செதுக்கிய கொக்கியைக் கம்பியில் மாட்டி, கொக்கியில் மூட்டையைத் தொங்கவிட்டுத் தள்ளுவார். மூட்டை தானாகவே வழுக்கிக்கொண்டு கீழே போகும். எஞ்சின் கிடையாது, மாடு கிடையாது, கட்டுப்படுத்தும் கயிறும் கிடையாது. மேலே நின்ற ஆள் சோலைமலை.

கீழே மூட்டையைப் பிடித்து இறக்குவது வீரம்மா. அவளுக்கு முழங்கால் வலி வந்து, மலையேறிக் கொழுந்தெடுக்க முடியாமல் போனபோது, சோலைமலை கண்டாக்கையாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொடுத்த வேலை அது. கண்டாக்கையா என்றால் துரைக்கு அடுத்தபடி வேலை பார்க்கிற அதிகாரி. "ஒரே எடத்துல நிக்கிற வேலைங்கய்யா, எங்கக்காவுக்குக் குடுங்க" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். கிடைத்த நாளன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மேலே தம்பி, கீழே அக்கா, நடுவில் ஒரு கம்பி.

இப்போது கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், கதைக்கு வேண்டியது மட்டும்தான்.

மூட்டையைப் பூமி நேர்கீழாக இழுக்கிறது. கம்பி அதை விழவிடாமல் தாங்குகிறது. ஆனால் கம்பி சரிவாக இருப்பதால் அந்த இழுவையில் ஒரு பங்கு சரிவின் வழியே மூட்டையைக் கீழே தள்ளுகிறது. அதற்கு எதிராகக் கொக்கியின் மரம் கம்பியை உரசித் தடுக்கிறது. அதுதான் உராய்வு. இரண்டும் எதிரெதிர் விசைகள். கனமான கம்பி நடுவில் தொய்யும் அல்லவா? ஆகவே மேல் பாதியில் சரிவு அதிகம். அங்கே தள்ளும் விசை ஜெயிக்கும், மூட்டை வேகம் எடுக்கும். கீழ்ப் பாதியில் சரிவு குறையும். அங்கே உராய்வு ஜெயிக்கும், எடுத்த வேகமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். வீரம்மாவிடம் வந்து சேரும்போது மூட்டை வழி தெரியாத விருந்தாளியைப் போலத் தயங்கித் தயங்கி வரும். பல நாள் அவளுக்கு எட்டாமலே நின்றும்விடும். அவள் அங்கே உயரமாகப் போட்டிருந்த பலகையில் ஏறி, கம்பிக்கு நேர் கீழே நின்று, கவைக்கம்பால் அதை இழுக்க வேண்டியிருக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு மரக்கம்பம், அதில் வைக்கோல் திணித்த சாக்கு. எப்போதாவது மூட்டை கொஞ்சம் வேகமாக வந்தாலும் அந்த வைக்கோல் ஏந்திக்கொள்ளும்.

கொழுந்தெடுக்கும் பெண்கள், "நெறஞ்ச மூட்டதான் வெரசா வரும்" என்று சொல்வார்கள். அது தப்பு. மூட்டை கனத்தால் இழுக்கும் விசை கூடும், அதே அளவுக்கு உராய்வும் கூடும், நகர்த்த வேண்டிய பொருளும் கூடும். ஆகவே கனமான மூட்டையும் லேசான மூட்டையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வரும். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கனமானதை நிறுத்துவது கஷ்டம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அருவி இரைச்சலில் மேலிருந்து கூப்பிட்டால் கீழே கேட்காது. மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. அதனால் இருவரும் கம்பியைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். வீரம்மா கவைக்கம்பால் ஒரு தட்டுத் தட்டினால், அனுப்பு என்று அர்த்தம். சோலைமலை தன் கோலால் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டினால், அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். இரும்புக்குள் ஓசை படுவேகமாக ஓடும். மூட்டை பாதி வழி போவதற்குள் தட்டு போய்ச் சேர்ந்துவிடும். வீரம்மா கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாளாம். "எந் தம்பி தட்டுனா எனக்குத் தெரியும், வேற ஆளு தட்டுனாலும் தெரியும்" என்று பீற்றிக்கொள்வாள்.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது.

தோட்டத்தில் அன்று தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையாக அடுக்கிப் படைப்பார்கள். ஸ்டோரில் பூசை இன்னும் தடபுடலாக நடக்கும். எஞ்சின் பார்க்கும் மாயாண்டி, ஒவ்வொரு சுழல் தண்டையும் துடைத்துப் புது எண்ணெய் விட்டு, சக்கரத்துக்கு மாலை போடுவார். எண்ணெய் விட்டதும் சக்கரம் சத்தமில்லாமல் சுழலும். சோலைமலை அதை வாசலில் நின்று பார்த்தார். தம்முடைய கம்பி ஞாபகம் வந்தது. கொக்கி கம்பியில் உரசும்போது போடும் கிறீச் சத்தம் பல்லைக் கூச வைக்கும். லயத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். சாமி போலத் தினமும் கும்பிடுகிற கம்பி இப்படிக் கத்துவது அவருக்குக் குறையாகவே இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் எண்ணெ குடுங்க. எங் கொக்கிக்கும் வைக்கிறேன்" என்று கேட்டார்.

"எடுத்துக்க, எடுத்துக்க. நல்ல நாளு, ஒங் கம்பி மட்டும் ஏன் காயணும்?" என்று மாயாண்டி ஒரு தகரக் குவளையில் ஊற்றிக்கொடுத்தார்.

மேலே, கம்பி தொடங்கும் இடத்தில் இருந்த தட்டியடைத்த கொட்டகையில் சோலைமலை கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கம்பியில் உட்காரும் பள்ளத்தில் எண்ணெயை விட்டு, விரலால் தேய்த்துத் தேய்த்து ஊறவைத்தார். கை எட்டிய தூரம்வரை கம்பிக்கும் பூசினார். பொங்கலும் கடலையுமாக மேலே ஏறி வந்த வீரம்மா, "அடேயப்பா, கருகருன்னு மின்னுதேடா" என்று சொல்லி, ஒவ்வொரு கொக்கிக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தாள். இருவரும் கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டார்கள்.

யாரை நோவது? சுழல் தண்டுக்கு உராய்வு எதிரி. அங்கே எண்ணெய் விட்டால் எஞ்சினுக்கு ஆயுசு கூடும். கம்பிக்கு உராய்வுதான் காவல். மூட்டைக்கும் வீரம்மாவின் மார்புக்கும் நடுவில் இருந்த ஒரே காவல் அது. அதே எண்ணெய், அதே பக்தி. கெட்டதாக ஒன்றும் செய்யவில்லை அந்த மனிதர். தான் நேசிக்கிற பொருளுக்கு நல்லது செய்தார். அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

பூசை முடிந்து வேலை தொடங்கிய காலை, மலை முழுக்க மூடுபனி. எடை பார்க்கும் முதல் நிறுவை முடிந்து கொழுந்து மூட்டைகள் கொட்டகைக்கு வந்தன. கீழேயிருந்து ஒரு தட்டு வந்தது. சோலைமலை கொக்கியை மாட்டி, மூட்டையைத் தொங்கவிட்டு, அதைத் தடுத்து நிறுத்தியிருந்த அணைகட்டையைத் தட்டிவிட்டார்.

மூட்டை போனது. சத்தம் வரவில்லை.

அவர் கையில் கோலோடு அப்படியே நின்றார். கிறீச் என்ற அந்தச் சத்தம் எங்கே? வருடக்கணக்காக அவர் வைதுகொண்டிருந்த சத்தம். மூட்டையின் வேகத்தைத் தின்று தின்றுதான் அது அப்படிக் கத்திக்கொண்டிருந்தது என்பது அந்த ஒரு கணத்தில் அவருக்குப் புரிந்தது. பனிக்குள் மூட்டை கல்லைப்போல மறைந்துவிட்டது. கீழ்ப் பாதியில் இனி அதைத் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. கம்பிக்கு நேர் கீழே, பலகையில், கவைக்கம்போடு அக்கா நிற்கிறாள்.

"அக்கா! தள்ளிப்போ! அக்கா!" என்று அலறினார். அருவி அதை விழுங்கிக்கொண்டது.

கோலை ஓங்கிக் கம்பியில் அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். விலகிப் போ என்பதற்கு அவர்களிடம் ஒரு தட்டு இல்லை. அப்படி ஒரு தேவை வரும் என்று இருவரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. கோல் முறிந்தது. முறிந்த துண்டை எறிந்துவிட்டு, இறங்குபாதையில் விழுந்தடித்து ஓடினார்.

கீழே நடந்ததை வீரம்மா தன் மகள் பூரணிக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். பூரணி எனக்குச் சொன்னாள்.

உள்ளங்கையில் முதலில் ஒரு தட்டும் வரவில்லை. பிறகு கம்பி துடிதுடித்தது. தம்பிதான் தட்டுகிறான், ஆனால் இப்படித் தட்டமாட்டானே! கொட்டகைக்குப் பக்கத்து மரத்தில் குளவிக் கூடு ஒன்று இருந்ததை அவள் பூசையன்று பார்த்திருந்தாள். குளவி கலைந்துவிட்டது, தம்பியைக் கொட்டுகிறது, அவன் உயிருக்குத் துடிக்கிறான் என்றே நினைத்தாள். கவைக்கம்பைப் போட்டாள். தோளில் கிடந்த கம்பளியை இழுத்துக் கையில் பிடித்தாள். குளவி கொட்டினால் கம்பளியைப் போர்த்தித்தான் ஆளைக் காப்பாற்ற வேண்டும். முழங்கால் வலிக்காரி, பலகையிலிருந்து குதித்து மேட்டுப் பாதையில் ஓடினாள்.

தலைக்கு மேலே குப்பென்று ஒரு காற்று அடித்தது. பின்னால் பெரிதாக ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூட்டை எக்கேடு கெட்டால் என்ன என்று ஓடிக்கொண்டே இருந்தாளாம்.

பாதித் தூரத்தில், பாதை வளைகிற இடத்தில், இருவரும் எதிரெதிரே வந்தார்கள். அக்காவை உயிரோடு கண்டதும் சோலைமலை நின்றுவிட்டார். அவள் ஓடிவந்த வேகத்திலேயே கம்பளியை அவர் தலையில் போர்த்தி, தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"எங்கடா கொட்டுச்சு? மூஞ்சியக் காட்டு. கண்ணுல கொட்டுச்சா?"

"கொளவி இல்லக்கா."

"பின்ன ஏண்டா அப்படித் தட்டுனே?"

அவர் கம்பளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவள் ஒன்றும் புரியாமல் அவருடைய முகத்தையும் கழுத்தையும் தடவித் தடவி, குளவி கொட்டிய இடத்தைத் தேடினாள்.

இருவருமாகக் கீழே வந்து பார்த்தார்கள். வைக்கோல் சாக்கு கிழிந்து, கம்பம் அடியோடு முறிந்து கிடந்தது. பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. மூட்டை ஆற்றில் விழுந்து, பச்சைக் கொழுந்து தண்ணீர் முழுக்க மிதந்துகொண்டு போனது. கனமானதை நிறுத்துவது கஷ்டம் என்று சொன்னேனே, அதன் அர்த்தம் அங்கே கிடந்தது. வீரம்மா பலகையைப் பார்த்தாள். தான் நின்ற இடத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சோலைமலை கண்டாக்கையாவிடம் போய், "நாந்தாங்கய்யா எண்ணெ வச்சேன்" என்று சொல்லி ஏச்சு வாங்கினார். புதுக் கம்பம் நட்டார்கள். இரண்டு மடங்கு ஆழத்துக்கு வைக்கோல் வைத்தார்கள். பிடிக்கும் ஆள் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கம்பியில் படிந்த எண்ணெயைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார் சோலைமலை. பழைய கொக்கிகளை அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதாகச் செதுக்கினார். கம்பி மறுபடி கிறீச்சிட்டபோது கையெடுத்துக் கும்பிட்டாராம்.

லயத்தில் எல்லாரும் வீரம்மாவைக் கேலி செய்தார்கள். இல்லாத குளவிக்குக் கம்பளி தூக்கிக்கொண்டு ஓடியவள் என்று சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். தம்பியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சுமை கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து தீபாவளி வந்தது. விடியற்காலையில் அக்கா கையால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வது சோலைமலைக்குச் சின்ன வயதிலிருந்து வழக்கம். அன்று வீரம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சி, மணை போட்டுக் கூப்பிட்டாள். அவர் வாசலோடு நின்றார்.

"எனக்கு வேணாங்க்கா."

"ஏண்டா?"

"இந்தக் கையி எண்ணெ வச்சுத்தான் ஒன்னைய எமங்கிட்ட அனுப்பப் பாத்துச்சு. இனிமே என் ஒடம்புல எண்ணெ படக்கூடாது."

"கம்பிக்குத்தாண்டா எண்ணெ ஆகாது. தலைக்கு என்ன வந்துச்சு? ஒக்காரு."

அவர் உட்காரவில்லை. அந்தத் தீபாவளிக்கும் உட்காரவில்லை, அதற்கடுத்து வந்த தீபாவளிகளுக்கும் உட்காரவில்லை. ஆயுத பூசைக்குக் கொக்கிகளுக்குத் திருநீறு மட்டும் பூசினார். குடுமி வறண்டு, செம்பட்டை பாய்ந்து, தேங்காய் நார் மாதிரி நின்றது. மலைக் காற்றில் தோல் வெடித்தது. வீரம்மா ஒவ்வொரு வருடமும் எண்ணெயைக் காய்ச்சி, மணையைப் போட்டு, அவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். திட்டிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். "நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவயாவது ஒந் தலையில எண்ணெ வைக்கணும்டா" என்று கேட்டாள். தம்பி எதற்கும் மசியவில்லை.

முப்பத்தெட்டாம் வருடம், அடைமழைக் காலத்தில், வீரம்மாவுக்கு நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்து கேட்கவில்லை. சுமங்கலியாகப் போனாள்.

லயத்து வாசலில் அவளைக் கிடத்தி, குளிப்பாட்டும் முன் எண்ணெய் வைக்கும் சடங்கு தொடங்கியது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, புறங்கையால் எண்ணெயைத் தொட்டு அவள் தலையில் வைத்துவிட்டு விலக வேண்டும். பிறந்த வீட்டு எண்ணெய்தான் முதலில். பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது சோலைமலை ஒருவர்தான்.

"பொறந்த வீட்டு எண்ணெ வைக்கணும். தம்பி வாங்க" என்று மூத்த பெண்கள் கூப்பிட்டார்கள்.

கிண்ணத்தைக் கண்டதும் அவர் பின்வாங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். இராமையா எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து, "நீங்க வைக்காம அவள எப்படி மச்சான் அனுப்புறது?" என்றார்.

சோலைமலை வந்து மண்டியிட்டார். புறங்கையால் தொடவில்லை. கிண்ணத்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அக்காவின் தலையில் வைத்து, பச்சைப் பிள்ளைக்குத் தேய்ப்பது போலத் தேய்த்துவிட்டார். உச்சி, பிடரி, காதோரம் எல்லாம் தேய்த்தார். "போதும்ப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

அவர் கையை எடுத்தார். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் கையைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தன் தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டார்.

கிழவிகள் பதறிப் போனார்கள். "ஐயையோ, பொணத்துக்கு வச்ச எண்ணெ! ஆகாது, ஆகாது, தொடச்சுப் போடுங்க!" என்று கத்தினார்கள்.

"சும்மா இருங்க" என்றார் சோலைமலை. "இத்தன வருசமா கேட்டுக்கிட்டே இருந்தா. எங்கக்கா வைக்கிறா எனக்கு."

மழையில் எண்ணெயும் கண்ணீருமாக அவர் முகத்தில் வழிந்தது. துடைக்க யாரும் கிட்டப் போகவில்லை.